யானைப் பையா, மயில் பையா

செப்டம்பர் 12, வியாழன்

மேலக்காட்டுக்கு இரண்டாம் உழவு முடிந்தது. டிராக்டர்காரர் வரப்பில் ஒரு முழம் தின்றுவிட்டுப் போயிருக்கிறார். கேட்டால், "வரப்பு வளைஞ்சிருக்குதுங்க" என்கிறார். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அந்த வரப்பு அப்படித்தான் வளைந்திருக்கிறது. இத்தனை வருஷம் எந்த ஏருக்கும் அது இடைஞ்சலாக இல்லை.

பொழுது சாய கதிரேசன் வந்தார். இளவரசியின் அண்ணன். இளவரசி என் மருமகள். என் மகன் பூபதி காமாலையில் போய் இந்தச் சித்திரையோடு இரண்டு வருஷம் முடிந்தது. அவன் அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா, எதற்கு எழுதுகிறேன் என்றால், யாரைப் பற்றி எழுதினாலும் முதலில் இன்னார் என்று எழுதிவிட்டுத்தான் மற்றது. பத்தாம் வகுப்பில் கட்டுரை எழுதிய காலத்துப் பழக்கம், போகமாட்டேன் என்கிறது.

கதிரேசன் ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். துறையூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை. பெயர் மதியழகன். முதல் கல்யாணம் ஒத்துவராமல் கோர்ட்டில் முடிந்துவிட்டதாம், பிள்ளை இல்லை. நல்ல மாதிரி என்கிறார். போன வருஷமே "நல்ல இடமாப் பாருங்க தம்பி, இருபத்தெட்டு வயசுப் புள்ளைய என்கூட வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது" என்று அவரிடம் சொன்னதே நான்தான். அதனால் கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இளவரசி காபியை வைத்துவிட்டு, "சோளம் அறுத்து வீட்டுக்கு வரட்டும்ணா. நட்ட நடுவுல அத்தைய ஒண்டியா உட்டுட்டு வரமாட்டேன்" என்றாள்.

"சரி, தையில வச்சுக்குவோம்" என்றார் கதிரேசன்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் புளிச்சோறு கொஞ்சம் கூடப் போய்விட்டது.

செப்டம்பர் 16, திங்கள்

பெரம்பலூர் போய் விதை வாங்கி வந்தோம், நானும் இளவரசியும். நடேசன் கடையில் கூட்டம். இந்த டைரி கொடுத்ததே நடேசன்தான். வருஷா வருஷம் உரக் கம்பெனி டைரி ஒன்று எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார்.

மக்காச்சோளத்தில் கம்பெனிக்கு நாலு நம்பர் போட்டு விடுகிறான். எந்த நம்பர் எது என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? பையில் போட்டிருக்கிற படத்தை வைத்துத்தான் எல்லாரும் கேட்கிறோம். இந்த வருஷம் இரண்டுதான் பேச்சு. மயில் பை, யானைப் பை. இரண்டும் ஒட்டுரகம். மயில் தொண்ணூற்றைந்து நாளில் வந்துவிடும். யானைக்கு நூற்றிருபது நாள்.

"மயிலு நாலு பை குடுங்கண்ணே" என்றாள் இளவரசி. நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் இவள் முந்திவிட்டாள். பெயர்தான் இளவரசி என்று பார்த்தால், நடப்பும் சில நேரம் அப்படித்தான்.

"இரு இரு" என்றேன். "யானை எப்படி?"

நடேசன் கண்ணாடியைக் கழற்றினார். "யானை மணி நல்லாப் புடிக்கும்க்கா. ஆனா உங்களுது மானாவாரி. போன வருஷம் கார்த்திகையோட மழை நின்னுபோச்சு. ஊரே மயிலு எடுக்குது."

"ஊரு எடுத்தா நாமளும் எடுக்கணுமா?"

"கெணத்துல தண்ணி இருந்தா சொல்லுங்க, யானை தர்றேன்."

"கெடக்குது."

"மோட்டாரு?"

"ஓடும்" என்றேன். இளவரசி திரும்பி என்னைப் பார்த்தாள். மோட்டார் ஆடி மாதமே புகைந்துபோனது. அதைப் பழுது பார்க்க முடியாது என்று எழுதியா வைத்திருக்கிறது?

விரல் கணுவில் எண்ணிப் பார்த்தேன். மயில் போட்டால் பொங்கலுக்கு முன்னாலேயே காடு காலி. யானை போட்டால் தை பாதிக்கு மேல் முற்றும், அப்புறம் தட்டையிலேயே காயவிட வேண்டும். தை கடைசியாகிவிடும். அதெல்லாம் ஒரு பக்கம். யானையில் தட்டை நல்ல உயரம் வருமாம். மாட்டுக்கு ஆகும். நான் யானை கேட்டது அதற்காகத்தான்.

நாலு பை யானை. பேருந்தில் இளவரசி இரண்டு பையை மடியிலும் இரண்டைக் காலடியிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணாபுரம் தாண்டினதும், "மாட்டுக்குத் தட்டை வேணும்னா யானை சரிதான் அத்தை" என்றாள். அதற்கப்புறம் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மாடு. அதற்கும் பல் போய்விட்டது.

செப்டம்பர் 27, வெள்ளி

நல்ல மழை. நாளை தண்ணீர் வடியட்டும். திங்கட்கிழமை ஊன்றலாம்.

செப்டம்பர் 30, திங்கள்

விதைப்பு முடிந்தது. இடுப்பு என்னுடையதா வேறு யாருடையதா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. முதல் விதையை ஊன்றுகிற கைதான் முதல் கதிரை ஒடிக்க வேண்டும். அதுவரை அந்தக் கை வேறு வீட்டுக்குக் குடிபோகக் கூடாது. என் மாமியார் இதைச் சொல்லித்தான் என்னைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கே அனுப்பவில்லை. பூபதி இந்த வீட்டில்தான் பிறந்தான், சோளத் தட்டை அடுக்கியிருந்த கொட்டகைக்குப் பக்கத்து அறையில்.

அவன் போனதிலிருந்து இரண்டு வருஷம் பக்கத்துக் காட்டுச் சரசுதான் வந்து முதல் விதை ஊன்றினாள். இந்த வருஷமும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். நான் விதையை இளவரசி கையில் கொடுத்தேன்.

"என்னாக்கா, அந்தப் புள்ளைகிட்டயா?" என்றாள் சரசு. மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் ஆள்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"ஏன், அவ கையில என்ன கொறை?"

"கொறையின்னு சொல்லல. தாலி..."

"வெதைக்குத் தாலி தெரியுமாடி? ஈரந்தான் தெரியும். நீ போயி அடுத்த சாலப் புடி."

இளவரசி தயங்கினாள். "அத்தை, வேணாம். அவங்களே போடட்டும்."

"போடு."

சிவப்பு மருந்து பூசிய விதை. அவள் உள்ளங்கையெல்லாம் சிவந்து, மருதாணி வைத்தது மாதிரி இருந்தது. குனிந்து ஊன்றினாள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அப்படியே ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் இருந்தாள். பூபதி இருந்தபோது ஊன்றியது நினைவுக்கு வந்திருக்கும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப முதக் கதிரையும் நாந்தான் ஒடிக்கணும்" என்றாள் எழுந்து.

"ஆமா. மொறைன்னா மொறைதான்."

அக்டோபர் 6, ஞாயிறு

முளைத்துவிட்டது. சாலில் எங்கும் சந்து விழவில்லை. நாலு இடத்தில் மயில் கொத்தியிருக்கிறது, நிஜ மயில். அதற்கு என்மேல் என்ன கோபமோ.

அக்டோபர் 24, வியாழன்

குருத்துக்குள் படைப்புழு. காலையில் பார்த்தபோது இலையில் வரிசையாக ஓட்டை. இளவரசி டேங்க் மாட்டிக்கொண்டு மருந்து அடித்தாள். நான் தண்ணீர் சுமந்தேன். குருத்துக்குள்ளேயே படும்படி அவளைப் போல் யாரும் அடிக்க மாட்டார்கள்.

நடுவில் அவள் போன் அடித்தது. வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது.

"இல்லங்க, டேங்கு பதினாறு லிட்டரு... அதெல்லாம் தூக்கிருவேன்... நீங்க சாப்ட்டீங்களா?"

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். வேர்வை. ஆனால் வேர்வைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"யாரு?" என்றேன்.

"ராங் நம்பரு அத்தை."

ராங் நம்பரிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற மருமகள் எனக்கு வாய்த்திருக்கிறாள்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இளவரசிக்கு அரக்கு நிறத்தில் புடவை எடுத்திருந்தேன். இரண்டு வருஷமாக வெளிறின நிறமாகப் பார்த்து உடுத்திக்கொண்டிருக்கிறாள். "இதெல்லாம் எதுக்கு அத்தை" என்றாள். "சாயம் போவுதான்னு பாக்கறதுக்கு" என்றேன். கட்டிக்கொண்டு வந்து நின்றபோது நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நவம்பர் 10, ஞாயிறு

மதியழகன் கதிரேசனோடு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளி வைத்தார். அது நல்லது. வடையை மூன்று தின்றார். அதுவும் நல்லதுதான்.

என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. பாவம், "வாங்க", "இருக்கட்டுங்க" என்றே ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குமே தெரியவில்லை, அவருக்கு நான் என்ன ஆகவேண்டும் என்று.

காட்டைப் பார்க்கவேண்டும் என்றார். கிணற்றுமேட்டில் மோட்டாரைக் கண்டதும் மனிதர் மாறிவிட்டார். பெண் பார்க்க வந்ததையே மறந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கழற்றிய நட்டுகளையெல்லாம் என் முந்தானையை விரிக்கச் சொல்லி அதில் போட்டார். போகும்போது எண்ணி வாங்கிக்கொண்டார். ஒன்று குறைந்தது. "உட்டுடுங்க, வேற வாங்கிக்கலாம்" என்றேன். கேட்கவில்லை. வேட்டியோடு புல்லுக்குள் தவழ்ந்து தேடி எடுத்த பிறகுதான் எழுந்தார்.

மோட்டாரை வண்டியில் கட்டி எடுத்துப் போயிருக்கிறார். காயில் கட்டிக் கொண்டுவருகிறாராம்.

கெட்டவராகத் தெரியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் பாடு எளிதாக இருந்திருக்கும்.

நவம்பர் 14, வியாழன்

மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். ஓடுகிறது. சத்தம்கூட முன்னைவிடக் குறைவு. நடேசனிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது.

நவம்பர் 30, சனி

இன்றுதான் எங்கள் காட்டில் செடி உச்சியில் பூட்டைப் பூ தலை நீட்டியிருக்கிறது. சரசு காட்டில் மயில் பூத்து முடிந்து, நார் கருகிக் கதிர் தடித்துவிட்டது. "ஒங்க யானை இப்பத்தான் எந்திரிக்குதாக்கா?" என்று வரப்பிலிருந்து கேட்டாள். "யானை மெதுவாத்தான் எந்திரிக்கும்" என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஒரு வாரமாக மழை இல்லை. வானம் வெள்ளையாகக் கிடக்கிறது. கரிசலில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு. சரசுவுக்குக் கவலையில்லை. அவள் காட்டில் மணி இறுகிவிட்டது. எங்கள் கதிரில் இப்போதுதான் நார் விட்டிருக்கிறது. மயிலே போட்டிருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இளவரசியும் சொல்லவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

கதிரேசன் வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"மாப்ள வீட்டுல தை இருபதுன்னு நாளு பாத்துட்டாங்க அத்தை. அவரு அக்கா மஸ்கட்லேர்ந்து வருது, அதுக்கு லீவு அவ்வளவுதான். அதுக்கு மேல தள்ள முடியாதுங்கறாங்க. மார்கழி பொறந்துட்டா பேச முடியாது, அதான் ஓடியாந்தேன்."

நான் பதில் சொல்வதற்குள் இளவரசி உள்ளேயிருந்து வந்தாள். "தை இருபதுக்குக் கதிரு காஞ்சிருக்காதுண்ணா."

"கதிர ஆளு வச்சு ஒடிச்சுக்குவாங்க."

"முத வெதைய நான் ஊனுனேன். முதக் கதிர நாந்தான் ஒடிக்கணும். அதுவரைக்கும் வேற வீட்டுக்குப் போவக்கூடாது. இந்த வீட்டு மொறை."

கதிரேசன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒரு சோளக் கதிருக்காவ கல்யாணத்தை உடுவியா? அவங்க வேற எடம் பாத்துட்டா?"

"பாத்தா பாக்கட்டும்."

"பொங்கல் முடிஞ்சு நல்ல பதிலா சொல்லு. அதுக்கு மேல என்னால தாக்காட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபி அப்படியே ஆறிக்கிடந்தது. நான்தான் குடித்தேன்.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், அரை நாழிகை இருந்தது. எழுதிவிட்டேன், அடிக்க மாட்டேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. இளவரசி விடியலில் எழுந்து கோலம் போடுகிறாள். பூசணிப்பூ வைக்கிறாள். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, அடிக்காத போனைக் கவிழ்த்து வைக்கிறாள். ஐந்து நாளாக அந்த ராங் நம்பர் வரவில்லை.

மாட்டுக்குத் தட்டை நறுக்கும்போது கேட்டேன். "ஒனக்கு அவரப் புடிச்சிருக்கா?"

அரிவாளை நிறுத்தாமல் சொன்னாள். "அன்னிக்கு ஒரு நட்டு காணமுன்னு புல்லுக்குள்ள தேடுனாரே."

"ஆமா."

"வேட்டி பூரா நெருஞ்சி முள்ளு."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல அத்தை. சொன்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஒங்களுக்கு மாத்தரை யாரு எடுத்துக் குடுப்பா" என்றாள். என் பிரஷர் மாத்திரையை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும், கண் தெரியும், கை இருக்கிறது. இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.

போகவேண்டாம் என்றுதான் இருக்கிறது. அவள் தலைவாரிக்கொண்டே பாட்டு முணுமுணுக்கிற சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் எப்படி விடியும் என்று தெரியவில்லை. ஆனால் அவள் போனைக் கவிழ்த்து வைக்கிறதைப் பார்க்கவும் முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள்?

டிசம்பர் 22, ஞாயிறு

இலையெல்லாம் மத்தியானத்துக்கு முன்னாலேயே சுருண்டுவிடுகிறது. இனிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று மோட்டாரைப் போட்டோம். கிணற்றில் இருந்த தண்ணீர் முழுவதும் இறைத்தோம், ஊறவிட்டு மறுபடி இறைத்தோம். இளவரசி மண்வெட்டியோடு தண்ணீரைப் பாருக்குப் பார் மாற்றி விட்டாள். மோட்டார் ஒரு இடத்திலும் திணறவில்லை. மூன்று ஏக்கரில் இரண்டே கால் நனைந்தது. கால்மாட்டில் இருக்கிற முக்கால் ஏக்கர் அதன் தலைவிதி.

கடைசிப் பாரில் தண்ணீர் ஏறியதும் அவள் மோட்டாரை நிறுத்தப் போனாள். நிறுத்திவிட்டு அதன்மேல் கையை வைத்துப் பார்த்தாள். "சூடே ஏறல அத்தை. நல்லாக் கட்டியிருக்காரு" என்றாள். மோட்டாரை யாராவது அப்படித் தொடுவார்களா?

யானைப் பை வாங்கியவள் நான். அந்த யானைக்குத் தண்ணீர் கொடுத்தது துறையூர்க்காரர். அவர் கேட்பதைக் கொடுக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதும் நான்தான்.

டிசம்பர் 26, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில், "வா, காட்டுக்குப் போயிட்டு வருவோம்" என்றேன். "இன்னிக்கு என்ன வேலை?" என்றாள். "வாடின்னா வா." தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டேன்.

முதல் விதை ஊன்றிய இடம் எனக்குத் தெரியும். வேப்பமரத்துக்கு நேரே, வடக்கு வரப்பிலிருந்து முதல் சால். அந்தச் செடி இரண்டு ஆள் உயரம் வளர்ந்திருந்தது. கதிரின் நார் நுனியில் கருகியிருந்தது. உரித்து நகத்தால் கீறினேன். பால் பீய்ச்சியது.

"ஒடி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு? இன்னும் ஒரு மாசம் கெடக்குதே."

"முதக் கதிரு. ஒடி."

"அத்தை, இது பச்சை."

"முதக் கதிருன்னுதான் மொறை. காஞ்ச கதிருன்னு எங்க இருக்குது? காஞ்சதுன்னு என் மாமியாரு சொல்லி நீ கேட்டியா, நாங்கேட்டேனா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. அழுவதற்கா அவ்வளவு தூரம் நடந்து வந்தேன்?

"ஒடிக்கிறியா, இல்ல சரசுவக் கூப்புடட்டுமா?"

சிரித்துவிட்டாள். கதிரைப் பிடித்துத் திருகி ஒடித்தாள். சத்தம் நன்றாகக் கேட்டது.

சருகு கூட்டித் தீ மூட்டிச் சுட்டோம். இது தீவனத்துக்கு விற்கிற சோளம். இனிப்பும் கிடையாது ஒன்றும் கிடையாது. தோல் தடிப்பு, பல்லில் ஒட்டிக்கொள்கிறது. உப்புக்கூட நான் எடுத்து வரவில்லை. ஆளுக்குப் பாதியாக ஒடித்துத் தின்றோம். அதைவிட ருசியாக நான் ஒன்றும் தின்றதில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆனால் அவள் ஒரு மணிகூட மிச்சம் வைக்கவில்லை. நானும்தான்.

"அத்தை" என்றாள் நடுவில். "அன்னிக்கு வெதைக் கடையில..."

"சாப்புடு. ஆறிப்போவும்."

வாயை மூடிக்கொண்டாள். நல்ல பெண்.

அங்கேயே அவள் போனை வாங்கிக் கதிரேசனுக்கு நானே பேசினேன். "தம்பி, முதக் கதிரு ஒடிச்சாச்சு. தை இருபதே வச்சுக்கச் சொல்லுங்க."

"மார்கழியில எப்புடித்தை..."

"மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது. இன்னிக்கே சொல்லுங்க."

திரும்பி வரும்போது அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் வந்தேன். வெயில் கண்ணில் பட்டது. அதனால் அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

நடேசன் புது டைரி கொடுத்தார். அட்டையில் யானைப் படம். வேறு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

சரசு காட்டில் அறுப்பு. மயில் சுமாராகத் தேறியிருக்கிறது. கல்யாணச் செய்தி கேட்டுவிட்டு வந்து, "நீங்க பெரிய மனசுக்காரிக்கா" என்றாள். "போடி, வேலையிருக்கு" என்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தை இருபது. துறையூரில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாம்பாரில் மட்டும் காரம் கூட.

நான் பந்தி பார்க்கிற பக்கம் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையின் அக்கா, மஸ்கட்காரி, தங்கமாகப் பேசினாள். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "அத்தை" என்றேன். "அப்பா கூடப் பொறந்தவங்களா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக வந்து, "அத்தை, சாப்ட்டீங்களா? அவ கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார்.

மாமியாரை எல்லா மாப்பிள்ளைகளும் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் அத்தை, அவருக்கும் அத்தை. மாப்பிள்ளையின் அக்கா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அரக்குப் புடவையை மறுநாளைக்கு உடுத்தப் பெட்டியில் மேலாக வைத்திருந்தாள். பார்த்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாத்திரையை நானே எடுத்துப் போட்டேன். டம்ளர் இரண்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அறுப்பு. யாரையும் நான் வரச் சொல்லவில்லை. விடிந்ததும் வாசலில் வண்டிச் சத்தம். இருவரும் வந்து நிற்கிறார்கள். இவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டேதான் வண்டியைவிட்டு இறங்கினாள்.

"ஒன் வேலை அன்னிக்கே முடிஞ்சுபோச்சே" என்றேன்.

"முதக் கதிருதான் முடிஞ்சுது. மிச்சக் கதிரு யாரு ஒடிக்கிறதாம்?"

மாப்பிள்ளை கதிர் ஒடித்ததில் லட்சணமே இல்லை. சுத்தமாகத் தெரியவில்லை. கதிரடிக்கிற மிஷின் நின்றபோது மட்டும் ஓடிப்போய்ச் சரிசெய்தார். தண்ணீர் பாய்ந்த இரண்டே கால் ஏக்கரில் விளைச்சல் நன்றாகவே கண்டது. முக்கால் ஏக்கர் மணி பிடிக்காமல் பொக்கு. யானை காலை வாரவும் இல்லை, தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே தலைவாரிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாள். அதே பாட்டு.

செப்டம்பர் 15, திங்கள்

இரண்டாம் உழவு முடிந்து, இன்று தனியாகப் பெரம்பலூர் போனேன். நடேசன் கடை வாசலில் நிற்கும்போது இளவரசி போன். தினமும் காலையில் மாத்திரை போட்டேனா என்று கேட்கத்தான் கூப்பிடுவாள். இன்று வேறு.

"வெதை வாங்கிட்டீங்களா அத்தை?"

"இப்பத்தான் கடைக்கு வந்துருக்கேன். இந்த வருஷம் முத வெதைய நானே ஊனப் போறேன். இந்தக் கை எங்க போயிறப் போவுது?"

"என்ன வெதை?"

"யானைதான். மோட்டாரு ஓடுதே."

அந்தப் பக்கம் துறையூர்க் கடையில் மோட்டார் சுற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"மயிலு போடுங்க அத்தை. அறுப்புக்குத்தானே நான் வரமுடியும். பொங்கலுக்கு முன்னாடியே வந்துருவேன்ல? நான் அங்க இருந்தப்ப யானை போட்டீங்க. இப்ப நான் இங்கல்ல இருக்கேன்."

"கேக்குதா அத்தை?" என்றாள். "கேக்குது, கேக்குது. கடையில கூட்டம்" என்று போனை வைத்துவிட்டேன்.

கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

நடேசன் யானைப் பையை எடுத்து மேஜைமேல் அடுக்கத் தொடங்கியிருந்தார். "அத உள்ள வைங்க, மயிலு நாலு பை குடுங்க" என்றேன்.

"என்னக்கா, போன வருஷம் அவ்வளவு சொல்லியும் மயிலு வேணாம்னீங்க?"

"மழைய நம்ப முடியல" என்றேன்.